அப்பாவின் காலி அட்டைகள்

மாத்திரை அட்டை காலியாக இருந்தால், மாத்திரை முழுவதும் அப்பாவின் வயிற்றுக்குள்தான் போயிருக்கும் என்று நம்பியது குற்றமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு. கழுகுமலைப் பக்கம் மூன்று கூட்டாளிகளோடு ஆட்டுக்கிடை போடுகிறார். உரத்துக்காக யாருடைய கரிசல் காட்டிலாவது ஆடுகளை அடைத்துவிட்டு அங்கேயே தங்குவார்கள். மாத்திரை கொண்டு வரும் சுகாதார ஊழியர் எப்போது போனாலும் வீடு பூட்டியே கிடக்கும். அம்மாவும் இல்லை. அதனால் மாதம் ஒருமுறை கோவில்பட்டியிலிருந்து நான் குழந்தையோடு பஸ் ஏறி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி, கிடையைத் தேடிப் போய்க் கொடுப்பேன்.

படித்த பிள்ளை, சும்மா கொடுப்பேனா? "காலி அட்டையைக் காட்டினால்தான் புது அட்டை" என்று சட்டம் போட்டேன். அப்பா ஒரு மாதம்கூடத் தவறாமல் மடியிலிருந்து எடுத்து நீட்டுவார். அவற்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கைப்பையில் சேர்த்து வைத்தேன். (சிரிக்காதீர்கள்.)

ஒருமுறை நர்ஸ் ஆளையே கூட்டிவரச் சொன்னார். அப்பாவோடு கிடைக் கூட்டாளி மாடசாமி மாமாவும் வந்தார். கொதிப்பை அளந்து பார்த்தால் நூற்றுத் தொண்ணூறு!

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்றார் டாக்டரம்மா.

நான் அட்டைக்கட்டை மேசையில் கொட்டினேன். "ஒருநாள் விட்டதில்லை டாக்டர்!"

"அப்படியும் குறையலைன்னா இன்னொரு மாத்திரை சேர்க்கணும்" என்று பேனாவை எடுத்தார். ஆடுகளுக்கு நடுவே அப்பா சுருண்டு கிடப்பது கண்முன் வந்துபோனது.

மாமா செருமினார். "டாக்டரம்மா, அதையும் நாலு பேருக்குக் காணுத மாதிரி எழுதிருங்க."

பேனா நின்றது. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"நாலு பேரு உக்காந்து கஞ்சி குடிக்குத எடத்துல, நான் மட்டும் எப்படித் தாயி தனியா வாயில போடுதது?"

"அப்போ ஒரே வாரத்துல தீந்துருமேப்பா! மிச்ச நாளு?"

"மிச்ச நாளு ஒருத்தருக்கும் கெடையாது."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட அட்டையக் காட்டுனீங்க?"

"நீ அட்டையத்தான கேட்ட?"

வரிசையில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டாக்டரம்மா திட்டியது என்னைத்தான். "படிச்சவங்கதானே நீங்க?"

மற்ற கூட்டாளிகளையும் வரவழைத்து அளந்தார்கள். மாமாவுக்கும் நிஜமாகவே கொதிப்பு இருந்தது. மற்ற இருவருக்கும் இல்லை. இப்போது ஊழியரே சாயங்காலம் கிடைக்கு வண்டியில் போய், அவரவர் மாத்திரையை அவரவரிடம் கொடுக்கிறார். அப்பாவுக்குக் கொதிப்பு இறங்கிவிட்டது. நான் யாரிடமாவது கடலைமிட்டாய் கொடுத்துவிட்டால்கூட, "ஏலே, தாளைத் தூரப் போடாத, பிள்ளைக்குக் காட்டணும்" என்று கிடையே சிரிக்கிறதாம்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் மாத்திரை கொடுக்க என்று கிளம்பியபோது புகுந்த வீட்டில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றால், "அவியதான் நல்லா இருக்காவளே, பிள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல எதுக்கு?" என்கிறார் மாமியார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அப்பாவைப் பார்க்கப் போகாமலே நான்கு மாதம் ஓடிவிட்டது. "வெள்ளாடு ரெட்டைக் குட்டி போட்டிருக்கு, பேத்திகிட்டச் சொல்லு" என்று போனில் சொல்வாரே தவிர, அப்பா ஒருநாளும் வா என்று கூப்பிட மாட்டார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லாத அப்பாவைப் பார்க்கப் போக, வீட்டில் எப்படிக் கேட்பது? கேட்டுப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.