மூழ்கினவருக்கு நாற்பது

கடலில் உயிர் தப்பக் கற்றுக்கொடுப்பவனுக்கு வள்ளத்தில் ஏறினால் குமட்டிச் சத்தி வரக்கூடாது. எனக்கு வரும். அதனால்தான் கடலைக் கணினிக்குள் கொண்டுவந்தேன் (வேலைக்கு விண்ணப்பித்தபோது இதை எழுதவில்லை).

மனிதர் எப்படிக் கற்கிறார்கள் என்பதைக் கொழும்பில் படித்துவிட்டு மன்னாருக்கு வந்திருந்தேன். ஆளை நிசம்போன்ற ஆபத்தில் இறக்கி, பிழைவிடச் செய்து, அந்த இடத்திலேயே திருத்தினால்தான் பாடம் மனதில் நிற்கும். அப்படித்தான் திரை, சுக்கான், ஆடுகிற கதிரை எல்லாம் பூட்டி ஒரு பயிற்சிப் பெட்டி செய்தேன். கடல் தெரிந்த ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவன் அல்லவா.

முதல் பயிற்சி அரிப்புக் கிராமத்தில், கோயில் மண்டபத்தில். வந்த பன்னிரண்டு மீனவர்களில் ஒருவர் மரியான் சம்மாட்டியார், நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். அவருடைய மகள் ஜெசிந்தாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். முடிவு சொல்லுமுன் மாப்பிள்ளையின் தொழிலைப் பார்க்க வந்திருந்தார். எனக்கோ ஜெசிந்தாவைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

சம்மாட்டியார் கதிரையில் இருந்தார். திரையில் வானம் கறுத்தது. கையைக் கட்டிக்கொண்டார்.

“எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கோ ஐயா.”

“சோளகக் காத்து இப்பிடி எழும்பி வரேக்க ஆர் தம்பி வள்ளம் இறக்கிறது?”

“பயிற்சிதானே ஐயா.”

“பயிற்சி எண்டாப்போல புத்தியைக் கழட்டி வச்சிட்டோ ஏறுறது? கரையில நிக்கிறதுக்கு எதை அமத்திறது?”

அப்படி ஒரு பொத்தான் இல்லை. போகாமல் இருப்பதும் ஒரு விடை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருக்குச் சைபர் போட்டது. மற்றப் பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டே சைபர் வாங்கினார்கள்.

மானம் போகிறதே என்று நானே ஏறிக் காட்டினேன். மூன்றாவது அலையில் வள்ளம் கவிழ்ந்தது. கதிரை ஆடிய ஆட்டத்தில் காலையில் தின்ற புட்டு வெளியே வந்தது. பெட்டி மட்டும் என்னைக் கைவிடவில்லை: ‘மூழ்கிவிட்டீர்கள். முயற்சிக்கு நாற்பது புள்ளி.’

சம்மாட்டியார் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். “செத்தவனுக்கு நாப்பது, உயிரோட இருக்கிறவனுக்கு சைபர். நல்ல பெட்டி,” என்றார். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். அன்றிரவு அழுததையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் கொப்பியோடு அவருடைய கடற்கரை வாடிக் கொட்டிலுக்குப் போனேன். எந்தக் காற்றுக்கு நிற்பார்கள், எதற்குப் போவார்கள் என்று பின்னேரம்வரை கேட்டு எழுதினேன். பெட்டியில் ‘இண்டைக்குப் போகேல்லை’ என்றொரு பொத்தான் வந்தது, முழுப் புள்ளியோடு. சம்மாட்டியார் வந்து அதை ஒருமுறை அமத்திப் பார்த்தார்.

“கேட்டு நடக்கிற பெடியன். குடுக்கலாம்,” என்று வீட்டில் சொன்னாராம்.

மாமா வீட்டில் இன்றைக்கும் என் பெயர் ‘நாப்பது’. போன தவணை மகள் கணக்கில் நாற்பது புள்ளி எடுத்து வந்தாள். ஏச வாயைத் திறந்தேன். ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். நான் இண்டைக்குப் போகேல்லை.