பள்ளம் விழாத தெரு

கடப்பாரை நுனி தாரைத் தொட்டதுதான் தாமதம், பொறியாளர் ஓடிப்போய்ச் சாலையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல என்னைத் தோண்டு! அப்புறம் ரோட்டைத் தோண்டு!"

கடப்பாரைக்காரர் மிரண்டு இரண்டடி பின்வாங்கினார். தோளில் மண்வெட்டி, கையில் குடிநீர் வாரியத்தின் சீட்டு. "சார், நான் வந்து..."

"வந்தும் வேண்டாம், போயும் வேண்டாம். ரோடு போட்டு மூணு நாள் ஆகல, அதுக்குள்ள மோப்பம் பிடிச்சிட்டு வந்தாச்சா?"

"அதில்ல சார்..."

"ஒண்ணும் பேசாதே. தோண்டியே ஆகணும்னா அடுத்த தெருவுக்குப் போ. கோடியில திரும்பினா இடது கைப் பக்கம்."

"இடது கைப் பக்கமா சார்?"

"ஆமா. போ!"

கடப்பாரைக்காரர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். முப்பத்து நான்கு வருட வேலையில் தன் சொல்லுக்கு ஒருவர் மறுபேச்சின்றிக் கட்டுப்பட்டது இதுதான் முதல் தடவை. பொறியாளருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

மாநகராட்சியில் அவர் சாலைப் பிரிவு. நகரமோ நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்துகொண்டிருந்தது. அவர் ஒரு சாலை போடுவார். அடுத்த வாரம் குடிநீர்க்காரர்கள் வந்து தோண்டுவார்கள். அவர்கள் மூடிவிட்டுப் போன மறுநாள்தான் தொலைபேசிக்காரர்களுக்கு ஞாபகம் வரும். அவர்களும் போன பிறகு மின்சாரத்துக்கு. மூன்று பேரும் ஒரே நாளில் தோண்டித் தொலைக்கலாமே என்று அவர் எழுதாத கடிதமில்லை. அந்தக் கடிதங்களும் ஏதோ ஓர் அலமாரியில் புதைந்து கிடக்கும். அவற்றை மட்டும் யாரும் தோண்டவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் போட்ட சாலையில், யாரோ வெட்டிய பள்ளத்தில் விழுந்து அவர் மனைவிக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. இன்றைக்கும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறாள். அன்று அவள் திட்டவில்லை. "நீங்க போட்ட ரோட்டுல ஒரு தடவையாவது கீழ பாக்காம நடக்கணுங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் அவர் மறந்திருப்பார்.

இன்னும் பன்னிரண்டு நாளில், முப்பத்தொன்றாம் தேதி, ஓய்வு. இந்தத் தெருதான் அவர் போட்ட கடைசிச் சாலை. கடைசி நாள் சாயங்காலம் அவளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடத்திக் கூட்டிப் போக வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

இன்று ஒருவரை விரட்டியாயிற்று. நாளை பத்துப் பேர் வந்தால்? தினமும் நடுச் சாலையில் உட்கார முடியுமா? அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. திறப்பு விழா நடக்காத சாலையில் எந்தத் துறையும் கை வைக்காது. எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

மறுநாள் காலை தெருவின் இரண்டு முனையிலும் சிவப்பு நாடா கட்டினார். 'திறப்பு விழாவுக்குக் காத்திருக்கிறது' என்று ஒரு பலகையும் மாட்டினார்.

முதலில் மாட்டிக்கொண்டவர்கள் தெருக்காரர்கள். மூன்றாம் வீட்டுக் கணக்கு வாத்தியார் ஸ்கூட்டரோடு வந்து நின்றார்.

"சார், நாங்க எப்படி வெளிய போறது?"

"கொஞ்சம் குனிஞ்சு போங்க."

"நான் குனிவேன், ஸ்கூட்டர் குனியுமா? சரி, யார் வந்து திறக்கிறாங்க?"

இதற்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. "மேலேருந்து வர்றாங்க" என்றார் பொறியாளர்.

"மேலேன்னா?"

"மேலேன்னா மேலேதான் சார்."

மதியத்துக்குள் செய்தி கவுன்சிலரம்மா காதுக்குப் போய்விட்டது. மூச்சிரைக்க வந்து இறங்கினார்.

"என் வார்டுல எனக்கே தெரியாம விழாவா? யார், அமைச்சரா?"

பொறியாளர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"புரியுது, புரியுது. ரகசியமா வச்சிருக்கீங்க. தேதி?"

"முப்பத்தொண்ணு" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவர் மனதில் இருந்த ஒரே தேதி அதுதான்.

இனி பொறுப்பதற்கில்லை என்று நேராக மேலதிகாரி அறைக்கு ஓடினார். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு.

"சார், அந்த அமைச்சர் விஷயம்..."

மேலதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எனக்கு நேத்தே தெரியும்யா. நான்தான் பேசி ஏற்பாடு பண்ணினேன்."

"நீங்களா சார்?"

"பின்னே? கமிஷனர்கிட்டயும் சொல்லியாச்சு. அவருக்கும் முன்னாடியே தெரியுமாம்."

தெரியாது என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை. பொறியாளர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அமைச்சர் வரும் தெருவில் இருட்டாக இருக்கலாமா என்று மின்சாரத் துறை எட்டு விளக்குக் கம்பங்களுக்குக் குழி வெட்டியது. கம்பிகள் தலைக்கு மேலே தொங்கலாமா என்று தொலைபேசித் துறை நீளவாக்கில் ஒரு கால்வாயே எடுத்தது. குடிநீர் வாரியம் மட்டும் இளைத்ததா? தெருவுக்கு நடுவே நீரூற்று வைக்க வட்டமாக ஒரு பள்ளம் தோண்டியது. ஒவ்வொன்றுக்கும் சாலைப் பிரிவின் அனுமதி வேண்டும். பதினோரு கோப்புகள் அவர் மேசைக்கு வந்தன. பக்கத்திலேயே மேலதிகாரி நின்றுகொண்டிருந்தார்.

பதினொன்றிலும் பொறியாளரே கையெழுத்துப் போட்டார்.

"மேடைக்குக் கால் நட பன்னிரண்டு குழி போதுமா சார்?" என்று கேட்டார் கொட்டகைக்காரர்.

"ரோட்டுல கொஞ்சம் இடம் மிஞ்சியிருக்குப்பா. அதையும் விடாதே" என்றார் பொறியாளர்.

முப்பத்தொன்றாம் தேதி அமைச்சர் வரவில்லை. எப்படி வருவார்? ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்டால், முன்பே தெரியாது என்றாகிவிடுமே. கவுன்சிலரம்மா ஒரு மண்குவியல் மேல் ஏறி நின்று நாடாவை வெட்டினார். பொறியாளருக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். இப்படி ஒரு சாலையை இந்த நகரம் கண்டதில்லை என்று மேலதிகாரி பேசினார். அதில் பொய் ஒன்றுமில்லை.

கூட்டம் கலைந்ததும் மனைவி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, நடக்கலாம்."

"இதுல எங்க நடக்கிறது?"

"வந்ததுக்கு நடப்போம்."

நடந்தார்கள். இரண்டு பேரும் கீழே பார்த்துக்கொண்டுதான் நடந்தார்கள். நீரூற்றுப் பள்ளத்தைச் சுற்றி வந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுடும்மா. இந்த ஒரு ரோட்டையாவது காப்பாத்தலாம்னு பார்த்தேன்."

"நீங்க என்ன செய்வீங்க? பார்த்து, அங்க கல்லு கிடக்கு" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தெருக்கோடியில் அந்தக் கடப்பாரைக்காரர் எதிர்ப்பட்டார். வேலை முடிந்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர், தெருவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சார் இது, இப்படிக் கிடக்கு?"

பொறியாளருக்குப் பன்னிரண்டு நாள் ஆத்திரமும் பொங்கி வந்தது. "எல்லாம் உன்னாலதான்ப்பா! அன்னைக்கு நீ மட்டும் கடப்பாரையைத் தூக்கிட்டு இங்க தோண்ட வராம இருந்திருந்தா, நான் நாடாவே கட்டியிருக்க மாட்டேன். இந்த ரோடு இன்னைக்கு முழுசா இருந்திருக்கும்!"

கடப்பாரைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"நான் எங்க சார் இங்க தோண்ட வந்தேன்? அடுத்த தெருவுக்கு எப்படிப் போறதுன்னு உங்ககிட்ட வழி கேக்கத்தானே நின்னேன்!"