நவீன பாகம்: இல்லை

மனிதர்கள் வேலைக்குப் போக வேண்டும், போவதற்கு ஒரு வண்டி வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கும் எனக்கும் எந்தக் கருத்து வேறுபாடும் இருந்ததில்லை. அனுமந்தையில் இருக்கும் என் வீட்டிலிருந்து நான் உப்பு வாரப் போகும் அளம் ஏழு கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இறங்கிவிட வேண்டும். முதல் பஸ் வருவதோ வெயில் நன்றாக ஏறிய பிறகு. அதில் போனால் என் இடத்தில் வேறு ஒருத்தி குனிந்து நிற்பாள். ஆகவே வண்டி இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. இதை நினைத்துக்கொண்டே தூங்கி, இதை நினைத்துக்கொண்டே விழிக்கிறவள் நான்.

வீட்டில் இரண்டு வண்டிகள். ஒன்று, என் மகள் கலைமதிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. அவள் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு அது அளத்துக் கொட்டகையில் இரண்டு வருடம் சாய்ந்து கிடந்தது. உப்புக்காற்று தின்றதுபோக மிச்சத்தை வீட்டுக்குத் தூக்கி வந்தோம். இன்னொன்று என் மாமனார் ஓட்டிய, குறுக்குப் பார் வைத்த பார் வண்டி. அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் வீட்டுக்காரர் குப்புசாமிக்கு எதில் சோம்பல் இருந்தாலும், வாரா வாரம் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதில் இருந்ததில்லை. என் தலைக்குக்கூட இந்த வீட்டில் அவ்வளவு எண்ணெய் செலவானதில்லை.

போன வருடம் என் முழங்கால் மக்கர் செய்தது. பார் வண்டியை மரக்காணத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சதீஷிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

"அக்கா, இது மியூசியத்துல வைக்க வேண்டிய வண்டி. இதுக்கா கியரு?"

"மியூசியத்துல யாரு உப்பு வாரறாங்க? போடு."

"பின்னாடி இடுக்கா இருக்குதுக்கா. கியர் வீலு உள்ள போவாது."

"அகட்டு."

"இரும்பை எப்படிக்கா அகட்டறது?"

"ஜாக்கி வச்சி லாரியையே தூக்கறானுங்க. நீ ரெண்டு விரக்கடை அகட்ட மாட்டியா?"

ஜாக்கி வைத்து அகட்டினான். அதன் பிறகு அவனுக்கே சூடு பிடித்துவிட்டது. கம்பி பிரேக்கைக் கழற்றி எறிந்தான். பழைய இரும்புக்கடையில் கிடந்த ஸ்போர்ட்ஸ் சைக்கிளின் முன் ஃபோர்க்கைக் கொண்டுவந்து மாட்டி டிஸ்க் பிரேக் வைத்தான். புடவையோடு காலைத் தூக்கிப் போட முடியாது என்றேன். குறுக்குப் பாரை அறுத்துச் சாய்த்து வெல்டிங் வைத்தான். ஏழு கியர், ஜெல் சீட்டு, சார்ஜ் போடுகிற விளக்கு. கேரியரை மட்டும் தொட விடவில்லை. உப்பு வாரும் பலகையும் சோற்று டப்பாவும் உட்கார வேறு இடம் ஏது? புதுக் கருப்புப் பெயின்ட் காய்ந்து நான் முதல் மிதி மிதித்தபோது முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் நிம்மதி. இந்த நிம்மதி எப்போது போகுமோ என்ற கவலையிலேயே அந்த ஒரு வருடமும் கழிந்தது.

போனது நாகரிகத்தின் வழியாக. கீழ்புத்துப்பட்டுப் பக்கம் ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு காபிக் கடைக்காரர் துருப்பிடித்த சைக்கிள் ஒன்றைச் சுவரில் மாட்டி, அதன் கூடையில் கள்ளிச்செடி வைத்தார். ஓட்டுகிற வண்டியைச் சுவரில் மாட்டுவதும், சுவரில் மாட்டுகிற படத்தைத் தரையில் சாய்த்து வைப்பதும்தான் இப்போது அழகு. ஒரே மாதத்தில் ஆரோவில் சாலைவரை எல்லாக் கடைச் சுவரிலும் சைக்கிள் ஏறிவிட்டது. சனங்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே அரசாங்கமும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேரும். வந்தது: "கடலோர மரபு மிதிவண்டி அடையாளம் காணல் மற்றும் பாதுகாத்தல் திட்ட அலுவலகம்." பெயர்ப்பலகையின் நீளத்துக்குக் கட்டடம் போதாமல், 'அலுவலகம்' என்ற சொல் மட்டும் பக்கத்து உரக்கடைச் சுவரில் இருந்தது. அந்த வாரம் உரக்கடைக்காரரிடம் மூன்று பேர் மனு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

திட்ட அலுவலர் கலையரசன் நேரில் கள ஆய்வுக்கு எழுந்தருளினார். கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். அதில் வண்டியைப் படம் பிடித்தால் துரு நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். துரு எவ்வளவோ, வயது அவ்வளவு. வல்லுநர் குழு அமர்ந்து, டீ குடித்து, கண்டுபிடித்த முறை.

முதலில் கலைமதியின் வண்டியைப் படம் பிடித்தார். டேப் 'எண்பத்து நான்கு' என்றது. அவருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"அம்மா, இது சுதந்திரத்துக்கு முன்னாடி வண்டி!"

"அது என் பொண்ணு பதினொண்ணாவது படிக்கச்சொல்லோ குடுத்ததுங்க. தகட்டுல பேரே போட்டிருக்குது பாருங்க."

தகட்டைத் துடைத்துப் பார்த்தார். 'தமிழ்நாடு அரசு' என்று இருந்ததில், துரு தின்றதுபோக 'ரசு' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

"பேரரசு!" என்றார். "முன் எழுத்து ரெண்டும் போயிருக்கு. எந்தப் பேரரசுன்னுதான் ஆராயணும்."

"ஐயா, அது அரசுங்க."

"அரசுக்குத் தெரியாதா அம்மா, எது அரசு, எது பேரரசுன்னு?"

என் வீட்டுக்காரர் அதுவரை வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார். பேரரசு என்றதும் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு அப்பவே ஒரு டவுட்டு இருந்துச்சுங்க சார்," என்றார்.

அடுத்து பார் வண்டி. முன்னால் பிடித்தார், பின்னால் பிடித்தார், குப்புறப் போட்டும் பிடித்தார். டேப் 'பூஜ்யம்' என்றது.

"இந்த வண்டி இன்னும் பிறக்கவே இல்லையே," என்றார் அலுவலர்.

"அறுபது வருசத்து வண்டிங்க. இவரு எண்ணெய் போட்டுத் துடைச்சாரு, அதான் துரு இல்ல."

"எண்ணெய் போட்டதை ஒத்துக்கறீங்க. பாரை அறுத்தது யாரு? டிஸ்க் பிரேக் வச்சது யாரு? பூஜ்ய வயசு வண்டிக்குப் பழைய கேரியர் எதுக்கு? மரபு போல வேஷம் போட்டிருக்கு. இதுக்குப் பேரு போலி மரபு. பறிமுதல்."

ஆக, கலைமதியின் வண்டி மரபுப் பொருள். ஓட்டக்கூடாது, நிழலில் வைக்க வேண்டும். மாமனார் வண்டி போலிப் பொருள்; ஓட்டக்கூடாது, அலுவலகத் தூணில் சங்கிலி போட்டுக் கட்ட வேண்டும். இரண்டு வண்டி உள்ள வீட்டிலிருந்து நான் ஏழு கிலோமீட்டர் நடந்தேன். என் வீட்டுக்காரர் 'மரபுக் காவலர்' என்று ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு, பேரரசின் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்தார். மனுசன் உட்காருவதற்கு அரசாங்கம் காரணம் கொடுத்தது அன்றுதான்.

மூன்றாம் நாள் அளத்து முதலாளி பலராமன் கூப்பிட்டார். "அம்சவள்ளி, நீ வந்து சேரச்சொல்லோ பாதி பாத்தி முடிஞ்சி போவுது. வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டியோட வா. இல்லன்னா நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

நேராக அலுவலகத்துக்குப் போனேன்.

"வண்டிக்கு வயசு வந்தா விட்டுடுவோம்," என்றார் கலையரசன். "துருப்பிடிக்க விடுங்க."

"வண்டி உங்க தூண்லதானே கட்டியிருக்குது?"

"அதுதான் சிக்கல். அலுவலகம் நிழல்ல இருக்கு. இங்க சீக்கிரம் பிடிக்காது."

"அப்போ அவுத்து விடுங்க. பாத்தித் தண்ணியில நாலு நாள் போடறேன்."

"வயசு தெரியாம எப்படி அவுக்கறது? மறு ஆய்வுக்கு மனு குடுங்க."

கொடுத்தேன். பொருளின் பெயர் என்ற கட்டத்தில் வண்டியின் பெயரை எழுதச் சொன்னார்கள். வண்டிக்கு ஏது பெயர்? வேறு வழியில்லாமல் என் பெயரை எழுதினேன். அந்தத் தப்பு என்னுடையது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் தன் தப்பை ஒத்துக்கொண்ட முதல் ஆள் நான்தான் என்றும் கேள்வி.

வியாழக்கிழமை மறு ஆய்வு. ஸ்டாண்டு தனிச் சாட்சியமாகச் சீல் வைக்கப்பட்டிருந்ததால் வண்டி நிற்கவில்லை. "ஏறி உக்காந்து பிடிச்சிக்கோங்க," என்றார். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில் வைத்து உட்கார்ந்தேன். அவர் குனிந்து பெடலைப் படம் பிடித்தார். பெடலின் மேல் இருந்தது என் பாதம். இருபத்தைந்து வருடம் உப்புத் தண்ணீரில் ஊறி, வெடித்து, கருத்து, ஓரமெல்லாம் உரிந்த பாதம்.

டேப் சந்தோஷமாக மணி அடித்தது. காகிதம் அச்சாகி வந்தது.

'பொருளின் பெயர்: அம்சவள்ளி. வயது: 81. நவீன பாகம்: இல்லை. முடிவு: மரபுப் பொருள். பயன்பாட்டுக்கு உட்படுத்தக் கூடாது. வெயில், உப்பு படாமல் நிழலில் வைக்கவும்.'

"ஐயா, எனக்கு நாப்பத்தேழு வயசுதாங்க!"

"அச்சாயிடுச்சே அம்மா. அச்சானதை மாத்தணும்னா மாவட்டத்துக்குப் போகணும். ஒண்ணு நல்லது. ஒரு கோப்புக்கு ஒரு பொருள்தான். நீங்க பொருளாயிட்டதால வண்டி இப்போ பொருள் இல்லை. ஓட்டிட்டுப் போகலாம்."

வெள்ளிக்கிழமை விடியலில் ஏழாவது கியரில் பறந்தேன். முதல் ஆளாகப் பாத்திக்கரையில் நின்றேன். பலராமன் கையில் என் காகிதத்தின் நகல். உரிய அனைவருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

"உன்னை வேலை வாங்கினா எனக்கு அபராதம்மா. மரபுப் பொருளைச் சேதப்படுத்தின கேசு வரும். வண்டி வந்துடுச்சு, சந்தோசம். நீ வீட்டுக்குப் போ."

"வண்டி வந்தா வேலைன்னீங்களே?"

"வண்டி வரட்டும். நீதான் வரக்கூடாது."

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த செல்லம்மாள் அக்கா பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அறுபத்து மூன்று வயது. காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கடைசி வரி வந்ததும் நின்றுவிட்டாள். "ஏன்டி அம்சா, நிழல்ல வைக்கச் சொல்லி மெய்யாலுமே போட்டிருக்குதா? சீல் வச்சி?"

"ஆமாக்கா."

அன்று மதியமே உப்பளத்துப் பொம்பளைகள் முப்பது பேர் அலுவலகத்தின் முன்னால் வரிசையாகப் பாதத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டேப்புக்கு ஓய்வே இல்லை. எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூற்றொன்று. ஆனால் நிழல் காகிதம்தான் யாருக்கும் கிடைக்கவில்லை; உடம்பில் நவீன பாகம் உண்டா என்ற கட்டத்தில் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கர்ப்பத்தடை வளையம். ஒருத்திக்குக் கட்டிய பல். ஒருத்திக்கு இடுப்பில் பிளேட். செல்லம்மாளுக்குப் போன தையில் இலவச முகாமில் வைத்த கண் லென்ஸ். எல்லோருக்கும் ஒரே முடிவு: 'நவீன பாகம் பொருத்தி மாற்றியமைக்கப்பட்டது. மரபுத் தகுதி இல்லை. தொடர்ந்து பயன்படுத்தலாம்.'

"இந்தாளு எப்பப் பொறந்தாருன்னு பார்ப்போமே," என்று செல்லம்மாள் டேப்பைப் பிடுங்கி அலுவலர் கையைப் படம் பிடித்தாள். வழுவழுவென்ற கை. டேப் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இன்னும் பயன்படுத்தப்படாத பொருள்' என்றது. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

நான் கூட்டம் கலையும்வரை காத்திருந்து கேட்டேன். "நிழல்ல வைக்கணும்னு போட்டிருக்கீங்க. சோறு யாரு போடறதுன்னு போடலையேங்க?"

"பாதுகாப்பு எங்க பிரிவு. பராமரிப்பு வேற பிரிவு. அது இன்னும் தொடங்கல."

"அப்போ நான் வேலைக்குப் போக வழி?"

"சுலபம். நவீன பாகம் ஏதாவது ஒண்ணு பொருத்திக்கோங்க. தகுதி தானா போயிடும்."

என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரே வூட்ல ரெண்டு மரபு. உனக்கும் சேர்த்து நான் காவல் இருக்கறேனே, அம்சா," என்றார். வண்டியைத் துடைத்த அதே துணியோடு என்னைப் பார்த்தார். அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

திண்டிவனத்தில் கண்ணும் பல்லும் ஒரே மாடியில் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்றுக்கு இரும்புத் தொப்பி போட்டுக்கொள்ளலாம் என்று ஏறினேன். படியில் செல்லம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, கண்ணு தொந்தரவா?"

"தொந்தரவு ஒண்ணுமில்லடி. நல்லாத்தான் தெரியுது. வச்சதை எடுத்துடச் சொல்லலாம்னு வந்தேன்."

"எடுத்தா கண்ணு தெரியாதேக்கா!"

"நிழல்ல உக்கார்றதுக்குக் கண்ணு எதுக்குடி?"

அதற்குள் கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, "புதுசா வைக்கறவங்க இந்தப் பக்கம், வச்சதை எடுக்கறவங்க அந்தப் பக்கம்," என்று கத்தினார்.

எடுக்கிற வரிசை படியிறங்கி, தெருவில் திரும்பி, பஸ் நிறுத்தம் வரை போயிருந்தது. பாதி முகங்கள் எங்கள் உப்பளத்து முகங்கள். வைக்கிற வரிசையில் நான் ஒருத்திதான் நின்றேன். சீல் வைத்த நிழலை விட்டுவிட்டு வெயிலுக்குப் போக வரிசையில் நிற்கிறவளை அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, பாவம், என் கையைப் பிடித்து, பக்கத்திலேயே மனநல டாக்டரும் இருக்கிறார், வரிசைகூடக் கிடையாது என்றாள்.