ஒதுங்காத மருமகள்

மூன்று மாதமாக மருமகள் அனுசியா ஒதுங்கவே இல்லை. தினமும் சாமி விளக்கை அவளே ஏற்றினாள். அடுப்பையும் அவளே பார்த்தாள்.

மாமனார் ராமையாவுக்குக் கை சும்மா இருந்தது. செத்துப்போன மனைவி போட்ட சட்டம் அந்த வீட்டில் இன்னும் நடக்கிறது. வீட்டுக்கு விலக்கான மூன்று நாளும் பெண் அடுப்படிக்குப் போகக்கூடாது. அந்த நாள்களில் கரண்டி பிடிப்பவர் ராமையாதான். லாரி ஓட்டின கை. கருவாட்டுக் குழம்பு வைப்பார். மகன் காந்தனுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. சரியாக அன்றைக்கென்று குருபோங் தொழிற்சாலையில் அவனுக்கு ஓவர்டைம் வந்துவிடும்.

ஒதுங்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? பேரப்பிள்ளை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் காத்திருப்பது அதற்குத்தான்.

மாமனார் இதை வாய்விட்டுக் கேட்க முடியுமா? பாசாரில் புளிப்பு மாங்காய் வாங்கி மேசையில் வைத்துப் பார்த்தார். அவள் ஊறுகாய் போட்டுவிட்டாள். அவள் மோட்டார் ஓட்டக்கூடாது என்று சாவியைத் தன் ஸ்பானர் பெட்டியில் ஒளித்தார். அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போய் வந்தாள். பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமியிடம், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொன்னார். சாயங்காலம் தாமானில் உள்ள அத்தனை வீடும் பலகாரத்தோடு வாசலில் நின்றது.

"யாருக்கு மாமா விசேஷம்?" என்றாள் அனுசியா.

"உனக்குத்தாம்மா."

"எனக்கே தெரியாதே, மாமா."

மறுநாள் ஐஸ்பெட்டி மேலே ஒரு மாத்திரை அட்டை ராமையாவின் கண்ணில் பட்டது. பாச்சாங் மருந்துக்கடைக்கு எடுத்துப் போனார். மருந்துக்கடைக்காரனை அவர் நம்புவதில்லை. பல்பொடி கேட்டாலும் வைட்டமின் விற்பான். ஆனால் அங்கிருந்த பெண் ஒன்றும் விற்கவில்லை. அது கர்ப்பத்தடை மாத்திரை, டாக்டர் சொல்கிறபடி இடைவெளி விடாமல் சாப்பிட்டால் மாதவிலக்கும் வராது என்றாள்.

அப்படியென்றால் இந்த வீட்டுக்குப் பிள்ளையே வேண்டாமா? அட்டையும் ஸ்பானர் பெட்டிக்குள் போனது.

ரெண்டு மூன்று நாளில் அனுசியா ஒதுங்கினாள். வயிற்று வலியோடு அறையில் சுருண்டு படுத்தாள். ராமையாவுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், வாய்க்கு ருசியாகவாவது சாப்பிடட்டும் என்று பெரிய சட்டியில் கருவாட்டுக் குழம்பு வைத்தார். வேலை முடிந்து வந்த காந்தன் கேட்டிலேயே மூக்கைச் சுளித்தான். ஓவர்டைம் இருக்கிறது என்று காரைத் திருப்பினான்.

ராமையா கரண்டியோடு ஓடிப்போய்க் காரை மறித்தார். "பிள்ளை வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்கடா. எதுக்குச் சொல்லாம கொள்ளாம மாத்திரை?"

காந்தன் கரண்டியைப் பார்த்தான்.

சத்தம் கேட்டுப் பாக்கியலட்சுமி வந்தாள். நேராக அனுசியாவின் அறைக்குள் போனாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. அப்புறம் சிரிப்பு. வெளியே வந்தவள் முதலில் அடுப்பை அணைத்தாள்.

"பிள்ளை வேணும்தானாம், அண்ணே. நீங்க சமைக்கிறத நிப்பாட்டுங்க, நான் மாத்திரைய நிப்பாட்டுறேங்கிறா."