அந்தோணியார் பிடித்துக் கொடுத்த மெட்ராஸ்

எங்கள் வீட்டு டெலிவிஷனில் படம் ஆட ஆரம்பித்தால், முதலில் என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் யாராவது ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடிக்கு ஓடுவார். வயதாகிவிட்டது, கால் தவறிவிடும் என்ற அக்கறை என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்வார்கள். (அக்கறையாவது, மண்ணாவது!) காற்றில் வருவதைக் கம்பி கட்டிப் பிடிக்கிற விஷயத்தில் என் மேல் இந்தக் குடும்பத்துக்கு நம்பிக்கை போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. போனது நியாயம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. புதுச்சேரியில் ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிப் பதிவு செய்கிறவரிடம், நகலெடுக்கும் வேலை. எங்கள் கோயிலில் பூசைக்கு வரும் பிலோமினை எனக்குப் பிடித்திருந்தது. என் அம்மா போய்ப் பெண் கேட்டார். பிலோமினின் அப்பா முசே தேவசகாயம் (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா) பல வருஷம் சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டுத் திரும்பியவர். யோசித்துப் பேசுகிற மனிதர். காரைக்காலிலிருந்தும் ஒரு வரன் வந்திருக்கிறது, அந்தோணியார் திருநாள் முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். காரைக்கால்காரன் துறைமுகத்தில் வேலையாம். மீசையும் பெரிதாம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

முசே சைகோனிலிருந்து ஒரு ரேடியோப் பெட்டி கொண்டு வந்திருந்தார். தெருவிலேயே அது ஒன்றுதான். அதில் மெட்ராஸ் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள், ஆனால் வந்தது என்னவோ அப்பளம் பொரிக்கிற சத்தம்தான். மனிதர் தினமும் சாயங்காலம் குமிழைத் திருப்பித் திருப்பி அந்த அப்பளத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் போயிருந்தபோது அதைப் பார்த்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்.

"ஏரியல் சரியில்ல முசே. நான் கட்டிக் குடுக்கிறேன்."

"உனக்குத் தெரியுமா சவரி?"

"ஆபீஸ்ல அதப் பத்திதான் படிச்சிக்கினு இருக்கிறேன்."

படித்தது ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையின் ஒரே ஒரு பக்கம். அதிலும் முழுசாகப் புரிந்தது படம் மட்டும்தான். இரண்டு கம்பங்கள், நடுவே நீளமாக ஒரு கம்பி, கீழே சிரித்தபடி ஒரு துரைசானி. கம்பி நீளமாக இருந்தால் நல்லது என்றும், விறைப்பாக இழுத்துக் கட்டினால் காற்றில் அறுந்துவிடும் என்றும் தட்டுத்தடுமாறிப் புரிந்துகொண்டேன். உயரமாக இருக்கவேண்டும் என்றும் போட்டிருந்தது. அந்த வரியை நான் மதிக்கவில்லை.

திருநாளன்று காலையில் வேலையை ஆரம்பித்தேன். சாயங்காலம் சப்பரம் வந்து போன பிறகு, சொந்தக்காரர்களை உட்கார வைத்து மெட்ராஸ் கேட்கலாம் என்பது முசேயின் ஆசை. பிலோமினை அவர் எனக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. முசேயின் மொட்டை மாடியில் ஒரு மூங்கில் நட்டேன். கம்பிக்கு நீளம் வேண்டுமே! எதிர்வீட்டுக்காரர்களைக் கெஞ்சி அவர்கள் மாடியிலும் ஒரு மூங்கில் நட்டு, தெருவுக்குக் குறுக்கே செப்புக் கம்பியைத் தொய்வாக இழுத்துக் கட்டினேன். கம்பியின் ஒரு முனையை ஜன்னல் வழியாகக் கொண்டுபோய்ப் பெட்டியின் முதுகில் முறுக்கி மாட்டினேன்.

"தெருவில கம்பி தொங்குதே, சப்பரம் போவுமா?" என்று முசே கேட்டார்.

"பாருங்க முசே" என்றேன். அந்த நேரம் பார்த்து வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. கம்பியில் படாமல் அழகாகக் கீழே நுழைந்து போனது. "வைக்கோல் வண்டியே போவுது, சப்பரம் போவாதா?"

இத்தனைக்கும் மூன்று வருஷமாக அந்தச் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தவன் நான். தோள் கொடுக்கிறவனுக்குத் தெரிவதெல்லாம் முன்னால் போகிறவனின் பிடரிதான். சப்பரத்தின் உச்சியில் ஒரு கிரீடமும், கிரீடத்தின் மேல் எக்காளம் ஊதுகிற ஒரு சம்மனசும், அதாவது தேவதூதனும், இருப்பது என் நினைவுக்கு வரவில்லை. சம்மனசைக் கணக்கில் சேர்க்காமல் ஏரியல் கட்டினவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் சப்பரம் தெருவுக்குள் திரும்பியது. முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் ஜெபமாலை சொல்லியபடி பெண்கள், நடுவில் எங்கள் பங்குச் சாமியார். நான் மாடி ஜன்னலில் முசேக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மிடுக்கோடு நின்றிருந்தேன். பெட்டியைத் திறந்தே வைத்திருந்தோம். அது அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தது. "கம்பி சூடேறணும் முசே" என்று நான் அளந்துகொண்டிருந்தபோது, கம்பி சம்மனசின் எக்காளத்தில் மாட்டியது.

தூக்குகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் நடந்தார்கள். கம்பி இழுபட்டது. ரேடியோப் பெட்டி மேஜையிலிருந்து ஜன்னலை நோக்கிக் கிளம்பியது. முசே பாய்ந்து அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"பொட்டி போவுது! டேய் சவரி, பொட்டி போவுது!"

கீழே சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "கரண்டு கம்பி! யாரும் தொடாதீங்க!" என்று ஒரு குரல் எழுந்ததும் பேண்டு வாத்தியம் அப்படியே நின்றது. கிளாரினெட்காரர் பக்கத்து வீட்டுக்குள்ளேயே போய்விட்டார். கோயிலுக்குத் திரும்பும்வரை அந்தோணியாரைத் தரையில் இறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் சுமந்தவர்கள் பாரத்தோடு ஆணி அடித்ததுபோல நின்றார்கள்.

நான் கீழே ஓடினேன். "கரண்டு இல்ல! இது ஏரியல்!" என்று கத்தினேன். ஏரியல் என்பது கரண்டைவிட மோசமான எதுவோ என்று நினைத்துக் கூட்டம் இன்னும் இரண்டடி பின்னால் போனது. மரக்கிளைகளைத் தூக்கிவிடுவதற்காகச் சப்பரத்தோடு நீளமான கவைக்கோல் ஒன்று வரும். அதை வாங்கி, கம்பியை எக்காளத்திலிருந்து விடுவித்து, என்னால் முடிந்த மட்டும் உயரத் தூக்கிப் பிடித்தேன்.

மாடி ஜன்னலிலிருந்து மெட்ராஸ் பேசியது.

தெருவே கேட்கும்படி, கணீரென்று, ஓர் ஆண் குரல். "...மாட்டுக்கு வயிறு உப்பி, தீனி எடுக்காமல் படுத்துக்கொண்டால், விவசாயிகள் கலங்க வேண்டாம்..."

"போங்க, போங்க! சீக்கிரம் தாண்டுங்க!" என்று நான் சப்பரக்காரர்களை விரட்டினேன். யாரோ என் பின்னாலிருந்து கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால் பங்குச் சாமியார்.

"பொறு சவரி" என்றார். "எம் மாடு ரெண்டு நாளா படுத்துக் கிடக்குது."

அந்தோணியார் நின்றார். சாமியார் நின்றார். ஊரே வாய் திறக்காமல் மாட்டு வைத்தியம் கேட்டது. சுக்கு வேண்டும் என்றது மெட்ராஸ். ஓமம் வேண்டும் என்றது. பெருங்காயத்தை வெந்நீரில் கரைக்க வேண்டும் என்றது. எனக்குத் தோள்பட்டை இற்றுப்போய்விட்டது. கோலைக் கொஞ்சம் இறக்கினால் உடனே அப்பளம், தூக்கினால் மெட்ராஸ். நான் மதிக்காமல் விட்ட அந்த ஒரு வரியை ஊரறிய நானே கம்பமாக நின்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். மேலே பார்த்தேன். பிலோமின் முக்காட்டின் நுனியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். காரைக்கால் மீசைக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று எனக்கு அழுகையே வந்தது.

"பெருங்காயத்தின் அளவு..." என்றது மெட்ராஸ். என் கை துவண்டு கோல் இறங்கியது. கர்ர்ர்.

"அளவு! அளவு இன்னா? தூக்குடா!" என்று அலறிய சாமியார், ஜெபப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தானும் வந்து கோலைப் பிடித்துத் தூக்கினார். அதற்குள் அந்தக் குரல் விடைபெற்றுக்கொண்டிருந்தது. சாமியாரின் முகம் விழுந்துவிட்டது.

அப்போது ஜன்னலில் முசேயின் தலை தெரிந்தது. அத்தனை நேரமும் பெட்டியை விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு, காதை அதன் மேலேயே வைத்திருந்த மனிதர்.

"அரைப் பலம் சாமி! எனக்குக் கேட்டுச்சு! அரைப் பலம்!"

தெருவே கைதட்டியது. கிளாரினெட்காரர் வெளியே வந்தார். சப்பரம் நகர்ந்தது.

நான் கம்பியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு ஓடிப்போகலாம் என்று மாடிக்குப் போனேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றேன். முசே முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தெருவில் அவர் பெரிய மனிதராகிவிட்டிருந்தார்.

"ஏரியல் கட்ட உனக்குத் தெரியல" என்றார்.

"இல்ல முசே."

"காணாமப் போனதக் கண்டுபுடிச்சிக் குடுக்கிறவரு அந்தோணியாரு. மெட்ராஸையும் அவருதான் கண்டுபுடிச்சாரு. உனக்கு அதுல ஒரு பங்கும் இல்ல."

"இல்ல முசே."

"ஆனா கையில புடிச்சத விடாம நின்ன பாரு, அது போதும். உங்க அம்மாவ நாளைக்கு வரச் சொல்லு."

நான் கம்பியை அங்கேயே போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினேன்.

மாடு மூன்றாம் நாள் எழுந்துவிட்டது. மறு வருஷத் திருநாளில் சாமியார் நன்றி மறக்காமல் அதே வீட்டு வாசலில் சப்பரத்தை நிறுத்தி ஒரு ஜெபம் சொன்னார். அதற்கடுத்த வருஷமும் நிறுத்தினார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள், வழக்கம் போலிருக்கிறது என்று காரணம் கேட்காமல் நிறுத்தினார்கள். இன்றைக்கும் சப்பரம் அங்கே நின்றுதான் போகிறது. அந்த இடத்தில் அந்தக் காலத்தில் ஏதோ புதுமை, அதாவது அற்புதம், நடந்ததாம். முட்டுவலிக்காரர்கள் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

டெலிவிஷனில் படம் மறைந்து வெள்ளைப் புள்ளி வந்ததும், எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் வரை "அளவு! அளவு இன்னா?" என்று கோரஸாகக் கத்துவார்கள். புதிதாக வந்த மருமகள் முதல் தடவை பயந்தே போனாள். திருநாளன்று நானும் பிலோமினும் அந்த வாசலில் போய் நிற்போம். சப்பரம் நிற்கும். எல்லாரும் பக்தியோடு தலை குனிவார்கள். பிலோமின் மட்டும் முக்காட்டைக் கடித்துக்கொண்டு என் விலாவில் இடிப்பாள்.

"தூக்குங்க" என்பாள். "மெட்ராஸ் போயிடப் போவுது."