கேஸ் இல்லாத கேஸ்

இந்த வெயிலுக்கு ஏசி மெக்கானிக் எவரிடமும் ஏமாறுவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனசுக்குள் எடுத்திருக்கலாம். என் மனைவி விஜயகுமாரியின் முன்னால் எடுத்துத் தொலைத்தேன்.

"சர்வீஸுக்கு அறுநூறு ரூபா. அதுக்கு மேல ஒத்த ரூபா போச்சுன்னா, வெயில் முடியற வரைக்கும் நான் ஹால்ல படுக்கறேன்!"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"உலகநாதனாவது, பேச்சு மாறுறதாவது!"

புதுப்பட்டினத்தில் எங்கள் ஹால் ஓர் இட்லிப் பானை. படுத்தால் விடிவதற்குள் வெந்துவிடலாம். அதனால் தீர விசாரித்தேன். கல்பாக்கத்தில் ஒருவர் ஐந்நூறு என்றார்; ஆனால் வர ஒரு வாரமாகுமாம். இன்னொருவர் பார்த்தால்தான் தெரியும் என்றார். மூன்றாமவர், "சர்வீஸ் வெட்டா, டிரையா?" என்றார். ஏசியை எதற்கு வெட்ட வேண்டும்? பயந்துபோய் போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் அறுநூறுக்கு ஒத்துக்கொண்டு ஜெபகுமார் வந்தார். ஏசியைத் திறந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சார், கேஸ் இல்ல."

"அப்பாடா! கேஸ் இல்லன்னா பிரச்சினையே இல்ல!"

"கேஸ் இல்லாததுதான் சார் பிரச்சினையே."

"கிச்சன்ல ரெண்டு சிலிண்டர் கீதேப்பா?"

"அது அடுப்புக்கு சார். இது ஏசி கேஸ். கடல் காத்துல காயில் கொழா அரிச்சிகினு கீது. ஓட்டைய அடைச்சு கேஸ் ஏத்தினா மொத்தமா மூவாயிரம் ஆவும்."

ஏசி ஓடாமலே எனக்குக் குளிர் எடுத்தது. அவரைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"அண்ணாத்த, எங்க வூட்டம்மா கேட்டா கேஸு, மூவாயிரம்னு எதுவும் சொல்லாத, அறுநூறுன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் தனியா அனுப்பிடறேன்."

"ஏன் சார் இந்தப் பேஜாரு?"

"இது குடும்பக் கேஸுப்பா. உனக்குப் புரியாது."

வேலை முடிந்தது. அவரும் அப்படியே சொன்னார். விஜயகுமாரி அறுநூறைக் கொடுத்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜெபகுமார் போன கொஞ்ச நேரத்தில் காலிங் பெல். மாடி வீட்டு ரெஜினா. பின்னாலேயே எதிர்வீட்டு சதாசிவம். படிக்கட்டில் இன்னும் பல தலைகள்.

"இன்னாண்ணா, கேஸோட சேத்து அறுநூறுக்கு முடிச்சிட்டீங்களாமே!" என்றாள் ரெஜினா. "எங்க வூட்டு ஏசிக்கும் அதே ரேட்டு பேசிக் குடுங்க!"

"யாரும்மா சொன்னது?"

"விஜியக்காதான் எல்லாருக்கும் போன் போட்டாங்க."

வந்தவர்களுக்கெல்லாம் மிச்சத்தை நான் போட்டுக் கொடுத்தால் என் பி.எஃப். பணம் கரைந்துவிடும். அது இருக்கட்டும். கேஸ் விஷயத்தை நான் விஜியிடம் மூச்சுக்கூட விடவில்லையே? ஒன்றும் விளங்காமல் சமையலறைக்கு ஓடினேன். நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"விஜி, கேஸ் போட்டது உனக்கு எப்படித் தெரியும்?"

"கிச்சன் ஜன்னல் பால்கனி பக்கம்தாங்க கீது."

வெளியே சதாசிவம், "சார், முதல்ல எங்க வூடு!" என்று குரல் கொடுத்தார்.

"விஜி, எப்படியாவது அவங்கள அனுப்பிடு. மூவாயிரம்னு ஒத்துக்கறேன். ஹால்லயே படுத்துக்கறேன்."

வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"பாய் அப்பவே விரிச்சிட்டேங்க."