செல் என்றால் அந்த செல் அல்ல

பெருமதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதத்தான் கை கூசுகிறது. உங்கள் முகத்துக்காகத் தலைமையாசிரியர் கொடுத்த வாத்தியார் வேலைக்கு நானே வேட்டு வைத்துவிட்டேன்.

பெற்றோர் வந்து பார்க்கும் வகுப்புக்கு நான் எடுத்த பாடம், தாவர செல்லும் விலங்கு செல்லும் பொருள்களை எப்படிச் சேமிக்கின்றன என்பது. கட்டணத்துக்கு மேல் கட்டணம் கறக்கிற இந்தப் பள்ளியில் ஒரு நுண்ணோக்கிகூடக் கிடையாது. படம் வரைந்து சமாளிக்கலாமென்று முந்தின நாள் பிள்ளைகளிடம், "செல்லுக்குள்ள என்னென்ன சேத்து வெச்சிருக்குன்னு நாளைக்கு எல்லார் முன்னாடியும் தொறந்து பாக்கப்போறோம், அப்பா அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றேன். அதுகள் வீட்டில் போய் அப்படியே ஒப்பித்துவிட்டன. அப்பாக்கள் எல்லாரும் செல்போனில் இருந்ததையெல்லாம் அழித்து மொட்டையடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! அது தெரியாமல் நான், "விலங்கு செல் கொழுப்பைச் சின்னச் சின்னத் துளியா வெச்சுக்கும், தாவர செல்லுக்கு நடுவுல நுண்குமிழ்னு ஒரே பெரிய பை, தண்ணி, சர்க்கரை, கழிவுகூட அதுக்குள்ளதான், வெளிய தெரியாமப் பூட்டி வெச்சிருக்கும்" என்கிறேன். பின்வரிசையில் ஓர் அம்மா கணவரிடம், "கேட்டீங்களா, ஒங்களத்தான் சொல்றாரு" என்றார். நுண்குமிழில் நீர் வற்றினால் செடி எப்படித் துவளும் என்பதற்கு நான் படமே போட வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதரைக் காட்டினால் போதும்.

அதுவரை சிரிப்புதான் மாமா. அப்புறம் வீட்டுவேலை செய்கிற ஓர் அம்மா, கண்ணாடி உடைந்த செல்போன் ஒன்றை என் மேசையில் வைத்தார். "எங்க வீட்ல செல் இல்ல சார். வேலை செய்ற வீட்ல கெஞ்சி எரவல் வாங்கியாந்தேன். இத எப்படித் தொறக்கறதுன்னும் தெரியல. எம்புள்ளைக்கு மார்க்கு மட்டும் கொறைச்சிடாதீங்க." உங்கள் உடம்பு முழுக்க செல்தான் அம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன்.

அப்பாக்கள் நாளை புகாரோடு வருவார்கள். எனக்காகத் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அத்தைக்கு வணக்கம், சின்னவளுக்கு என் அன்பு.

தலைகுனிந்து,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது. நீங்கள் யாரிடமும் பேச வேண்டாம். ஒருவர்கூடப் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால், எதை அழித்தீர்கள் என்று வீட்டில் கேட்பார்களே! தலைமையாசிரியரும் என்னைத் தனியே கூப்பிட்டுத் தன் செல்போனை நீட்டி, "தம்பி, அழிச்சதத் திரும்ப எடுக்க முடியுமா?" என்றார். வேலை நிச்சயம். புகார் சொல்ல நியாயமுள்ள ஒரே ஆள் அந்த அம்மாதான். அவர், மார்க்கைக் குறைக்காததற்கு மகனிடம் நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த வகுப்புக்கு மார்க்கே கிடையாது மாமா.